கட்டாயப் பரிசோதனை வைத்தால் எச்.ஐ.வி. ஒழிந்துவிடுமா?

தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜாதகம் பார்க்கிறோம், சம்பளச் சீட்டு கேட்கிறோம், குடிப்பழக்கம் உண்டா என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். எச்.ஐ.வி. பரிசோதனையை மட்டும் சட்டம் போட்டு ஏன் கட்டாயமாக்கக் கூடாது? பாசிட்டிவ் என்று தெரிந்தவர்களின் விவரத்தை ரகசியமாக வைப்பது மற்றவர்களுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? உலகம் முழுக்கக் கண்டிப்பாக இருந்திருந்தால் இந்த நோய் எப்போதோ ஒழிந்திருக்குமே?”

இந்தக் கேள்விக்குக் கோபப்பட ஒன்றுமில்லை. நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகராக உட்கார்ந்திருந்த வருஷங்களில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்பார். பாதிப்பேர் நன்றாகப் படித்தவர்கள். டாக்டர்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் சொல்வதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1988 ஜனவரியிலிருந்து கல்யாணப் பதிவுக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்று சட்டம் வந்தது. முதல் ஆறு மாதத்தில் 70,846 பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். பாசிட்டிவ் ஆனவர்கள் 8 பேர். செலவைக் கணக்குப் போட்டால் ஒரு ஆளைக் கண்டுபிடிக்க 3,12,000 டாலர். இதில் வேடிக்கை, பக்கத்து மாநிலங்களில் கல்யாணப் பதிவு ஏறியது. இல்லினாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஜோடிகள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்ப் பதிவு செய்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வருஷமே, 1989 செப்டம்பரில், சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

தொற்று அபூர்வமாக இருக்கும் கூட்டத்தில் எல்லாரையும் பரிசோதித்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இந்தியாவில் வயது வந்தோரில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குத் தொற்று. ஒரு லட்சம் பேரை, ஆயிரத்துக்கு ஐந்து முறை தப்பாகப் பாசிட்டிவ் காட்டும் ஒரு கிட்டால் பரிசோதித்தால், உண்மையான பாசிட்டிவ் 200, பொய்ப் பாசிட்டிவ் ஏறக்குறைய 500 வரும். அதனால்தான் நம்பிக்கை மையத்தில் முதல் கிட் பாசிட்டிவ் காட்டினால் வேறு இரண்டு வகைக் கிட்டில் மறுபடி பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். கல்யாண மண்டபம் பேசி முடித்த வீட்டில் அந்த முதல் ரிசல்ட்டோடு நிற்கிற பொறுமை யாருக்கு இருக்கும், சொல்லுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. தொற்றி முதல் சில வாரங்களுக்கு, விண்டோ பீரியட் என்று நாங்கள் சொல்கிற காலத்தில், கிருமி உடம்பில் இருந்தும் பரிசோதனை நெகட்டிவ் காட்டலாம். அந்தச் சமயத்தில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். ஆக அந்த நெகட்டிவ் காகிதம் தரும் தைரியமே ஆபத்து.

ஆனால் கட்டாயம் பலன் தராது என்பதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடாது. பலன் தந்தால் மட்டும் சரியா? ‘எல்லாருடைய நன்மைக்காக’ என்று ஒரு காரியம் நடக்கும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், பலன் யாருக்குப் போகிறது? எச்.ஐ.வி. தடுப்பின் நாற்பது வருஷச் சரித்திரத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி நிற்கும். நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்ததே இங்கேதான்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலா ஆய்வுக்காக ரத்த மாதிரி சேகரிக்கப் புறப்பட்டார். எய்ட்ஸ் வெள்ளைக்கார நாட்டு நோய், நம் பண்பாட்டுக்குள் வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை அடைத்து வைக்கும் காப்பகம் ஒன்று மயிலாப்பூரில் இருந்தது. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட, நிர்மலா அங்கே போய் ரத்தம் எடுத்தார். மாதிரிகள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தன. பிறகு வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. அங்கே சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

அந்த இரண்டு பெண்மணிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் கண்டுபிடித்திருக்காவிட்டால் நாடு இன்னும் சில வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கும். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அடைபட்டுக் கிடக்கும் ஒருத்தியிடம் டாக்டர் ஊசியோடு வந்து கையை நீட்டு என்றால் நீட்டுவாள். அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. இன்றைக்கு எந்த ஆய்வுக் குழுவும் இதற்கு அனுமதி தராது. அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தக்கூட இல்லை.

ரிசல்ட் வந்த பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். அப்போது மருந்து கிடையாது. முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்காவே 1987இல்தான் அனுமதி கொடுத்தது. அந்தப் பெண்களுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. கதவைப் பூட்ட முடியும், பூட்டினார்கள். பாசிட்டிவ் என்று தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. யோசித்துப் பாருங்கள்: நாட்டுக்கு எச்சரிக்கை கொடுத்தது அவர்கள் ரத்தம், அதற்குக் கிடைத்த பதில் பூட்டு. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் தேடிப் போய் அடைக்கவில்லை.

கோவாவில் 1989இல் டொமினிக் டிசோசா என்கிற இளைஞர். அவ்வப்போது ரத்ததானம் செய்கிறவர், கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரிந்ததால்தான் மாட்டிக்கொண்டார். மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி போலீசார் வந்து அழைத்துப்போய் ஒரு காசநோய் விடுதியில் 64 நாள் காவலோடு தனியாக வைத்தார்கள். அம்மா லூசி டிசோசா வழக்குப் போட்டார். ஆள் வெளியே வந்தார். ஆனால் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்றே உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதன் பிறகு கோவாவில் தன்னிஷ்டத்தோடு ரத்ததானம் செய்ய எத்தனை பேருக்குக் கை நீளும்?

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் கியூபாவைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும், நியாயமான வாதம்தான். கியூபா 1986 முதல் பல லட்சம் பேரைப் பரிசோதித்தது. பாசிட்டிவ் ஆனவர்களை ஹவானாவுக்குப் பக்கத்தில் ஒரு சானடோரியத்தில், அதாவது நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவ விடுதியில், வைத்தது. சாப்பாடு, சம்பளம், மருத்துவம் எல்லாம் உண்டு; வெளியே போகும் சுதந்திரம் கிடையாது. கரீபியன் பகுதியிலேயே மிகக் குறைந்த தொற்று அங்கேதான் இருந்தது. பூட்டு பலித்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் அது தீவு. அமெரிக்கத் தடையால் வெளியார் வரத்துக் குறைவு. ஊசி போதை கிட்டத்தட்ட இல்லை. வெளிநாட்டு ரத்தப் பொருள்களின் இறக்குமதியை 1983லேயே நிறுத்திவிட்டார்கள். எது பலித்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தொண்ணூறுகளின் நடுவில் கியூபாவே கட்டாய அடைப்பைக் கைவிட்டு, வீட்டிலிருந்தே சிகிச்சை என்று மாறியது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கியூபாவுக்குச் சான்று கொடுத்தபோது, அதற்குக் காரணமாக இருந்தவை கர்ப்பகாலப் பரிசோதனையும் மருந்தும். சரி, கியூபாவில் பலித்ததாகவே வைத்துக்கொண்டாலும், கோடிக்கணக்கான பேர் தினம் பஸ்ஸும் ரயிலும் மாறுகிற நாட்டில் அதற்கு எத்தனை சானடோரியம் கட்டுவீர்கள்?

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி, ரகசியம். இது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி, இதில் எனக்குத் தூக்கம் போன நாட்களும் உண்டு.

1998இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கின் ஆரம்பம் சென்னையில் ஒரு மருத்துவமனை. வடகிழக்கிலிருந்து ஒரு நோயாளியோடு வந்த டாக்டர், அவருக்காக ரத்தம் கொடுக்க முன்வந்தபோது பாசிட்டிவ் என்று தெரிந்தது. விஷயம் வெளியே கசிந்து நிச்சயித்த கல்யாணம் நின்றது. ரகசியத்தைக் காக்கவில்லை என்று வழக்குப் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பெண்ணின் உயிர் இவருடைய ரகசியத்தைவிடப் பெரிது என்றது நீதிமன்றம். அதுவரை எனக்கும் உடன்பாடே. ஆனால் அதோடு நிற்காமல், இப்படிப்பட்டவர்களுக்குக் கல்யாண உரிமையே நிறுத்தி வைக்கப்படுகிறது என்கிற ரீதியில் போய்விட்டார்கள். அந்தப் பகுதி தேவையில்லாதது என்று பின்னர் உச்ச நீதிமன்றமே ஒதுக்கி வைத்தது. இடையில் சில வருஷம், பாசிட்டிவ் ஆன இருவர் ஒருவரையொருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்வதும் குற்றமோ என்கிற பயம் இருந்தது. சுனிதி சாலமன் தம் மையத்தில் அப்படிப்பட்டவர்களுக்கே ஜோடி சேர்த்துவைத்துக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

என் மேஜைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். லாரி ஓட்டுகிறவர். ரிசல்ட்டைச் சொன்னதும் அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துப் பிரிப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தார். கடைசியில், “சார், அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கெணத்துல விழுந்துருவா” என்றார். அவள் வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். அவருக்கு மஞ்சள் காமாலை என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். கதவைத் திறந்து நான்கு வார்த்தை சொல்லிவிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. மூன்று முறை அவரை மட்டும் வரவழைத்துப் பேசினேன். அந்த மூன்று வாரமும் உறையில்லாமல் அவர் நெருங்கியிருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, அது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான்காம் முறை அவரே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால் அவர் வாயாலேயே சொன்னார். அவளுக்கு நெகட்டிவ். இது நன்றாக முடிந்த கதை. நன்றாக முடியாதவையும் இருக்கின்றன, அவற்றை எழுத எனக்கு அனுமதி இல்லை.

அன்றைக்கு எனக்குச் சட்டத் துணை எதுவும் இல்லை. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது. வேலை, படிப்பு, வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது. துணைக்கு நிஜமான ஆபத்து இருந்து, பாசிட்டிவ் ஆனவர் எத்தனை சொல்லியும் தாமாகச் சொல்ல மாட்டார் என்று உறுதியானால், சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். சொன்னால் அடி விழும் அல்லது வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்கிற நிலையில் இருக்கும் பெண்களுக்கு அதே சட்டம் பாதுகாப்பும் வைத்திருக்கிறது. ஆக, ரகசியம் என்பது எல்லாரையும் ஏமாற்றும் சலுகை என்று நீங்கள் நினைத்தால், அப்படி இல்லை. பட்டியலாக நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதற்கும், ஆபத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வதற்கும் நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள். அரசு மருந்து தர வேண்டிய கடமையைப் பற்றிய இடத்தில் ‘இயன்றவரை’ என்று ஒரு சொல்லைச் செருகியதற்கு அப்போதே எதிர்ப்புக் கிளம்பியது. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை.

அந்தப் பெண்களுக்கான பாதுகாப்பு ஏன் என்று கேட்பீர்கள். கர்ப்பமான பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எச்.ஐ.வி. பார்த்துவிடுகிறோம். அதனால் பல குடும்பங்களில் முதலில் ‘தெரியவருவது’ மனைவிக்குத்தான். முதலில் தெரிந்தவள் முதலில் கொண்டுவந்தவள் ஆகிவிடுகிறாள். கணவனுக்கு நாலு வருஷமாக இருந்திருக்கும். மாமியார் வீட்டில் பெயர் இவளுக்கு. வேண்டாம் என்றால் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. பத்தொன்பது வயதில், வரிசையில் இருபது பேர் பின்னால் நிற்க, நர்ஸிடம் ‘வேண்டாம்’ என்று சொல்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அது முழுச் சம்மதம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தப் பரிசோதனையை நான் ஆதரிக்கிறேன். மருந்து இல்லாவிட்டால் நூறில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்குத் தொற்றலாம்; ஒழுங்காக மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கும். பலன் அவளுக்கும் அவள் குழந்தைக்குமே போகிறது. மயிலாப்பூரில் எடுத்த ரத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

ரகசியமே நோயைப் பரப்புகிறது என்பதற்குச் சாத்தூர் சம்பவத்தை உதாரணம் காட்டுவார்கள். 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது, தமிழ்நாடே கொந்தளித்தது. அதன் உள்விவரத்தைக் கவனியுங்கள். ரத்தம் கொடுத்தவர் பத்தொன்பது வயதுப் பையன். 2016இல் ஒரு முகாமில் அவன் கொடுத்த ரத்தத்தில் கிருமி இருப்பது பதிவாகியிருந்தது, ஆனால் அந்தத் தகவல் அவனிடம் போய்ச் சேரவில்லை. தெரியாமல் சொந்தக்காரர் ஒருவருக்காக மறுபடியும் கொடுத்தான். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மை தெரிந்ததும், யாரும் கேட்காமலே தானாக ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னவனும் அவன்தான். ஊரே அவனைப் பார்த்த பார்வையில் தற்கொலைக்கு முயன்றான், டிசம்பர் முடிவதற்குள் இறந்துபோனான். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது மட்டுமே ஆறுதல். இதில் ரகசியம் செய்த கேடு எங்கே? சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல் விட்டார்கள். உண்மையைச் சொன்னவன் உயிரோடு இல்லை. அடுத்த பையன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்?

உலக அளவுக்கு வந்தால் ‘யார் விலை, யார் பலன்’ கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994இல் முடிவு வெளியான ஆய்வில், கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் ஏ.இசட்.டி. கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறையும் என்று தெரிந்தது. பணக்கார நாடுகளில் உடனே அது வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது. ஒரு தாய்க்குச் சுமார் 800 டாலர், பிரசவ நேரத்தில் நரம்பு வழியாக வேறு ஏற்ற வேண்டும். ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது. மாத்திரையாக, கொஞ்ச நாள் மட்டும் கொடுத்தால் பலிக்குமா என்று ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் ஆய்வுகள் ஆரம்பித்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு பாதிப் பெண்களுக்கு வெற்று மாத்திரை. பலிக்கும் மருந்து ஒன்று இருப்பது தெரிந்தே வெற்று மாத்திரை. 1997இல் பீட்டர் லூரி, சிட்னி வுல்ஃப் என்கிற இரண்டு டாக்டர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதைப் போட்டு உடைத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கான சிகிச்சை தராமல் பல வருஷம் வேடிக்கை பார்த்த டஸ்கீகி ஆய்வோடு இதை ஒப்பிட்டு, அந்த இதழின் நிர்வாக ஆசிரியர் மார்சியா ஏஞ்சல் தலையங்கம் எழுதினார்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. அங்கே வழக்கமாகக் கிடைப்பது எதுவுமில்லை, அதனால் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை; வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால்தான் தெளிவான பதில் சீக்கிரம் வரும்; எங்கள் நாட்டுக்கு எது தேவை என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம் என்று உகாண்டாவிலிருந்தும் குரல் வந்தது. 1998இல் தாய்லாந்து முடிவு வந்தது: குறுகிய கால மாத்திரையே தொற்றைப் பாதியாகக் குறைத்தது. அதனால் பல்லாயிரம் குழந்தைகள் பிழைத்தன, மறுக்க முடியாது. எனக்கு இந்த விவாதத்தில் நடுநிலை கிடையாது. ‘அங்கே வழக்கமான சிகிச்சை ஒன்றுமில்லை’ என்பது மழை வெயில் மாதிரி தானாக வந்த நிலை இல்லையே. மருந்தின் விலைச்சீட்டுதான் அதை அப்படி ஆக்கி வைத்திருந்தது. விலையை வைத்தவர்கள் ஒரு கண்டத்தில், வெற்று மாத்திரையை விழுங்கியவர்கள் இன்னொரு கண்டத்தில்.

இதே மாதிரிக் கேள்வி சென்னைக்கும் வந்தது. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 ஜோடிகளை வைத்து ஒன்பது நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னையும் புனேயும் அதில் இருந்தன. பாதிப்பேருக்கு உடனே மருந்து, மீதிப்பேருக்கு எதிர்ப்பணுக்கள் குறைந்த பிறகு. அன்றைய வழிகாட்டுதல்படி அது தப்பில்லை, ஆலோசனையும் ஆணுறையும் எல்லாருக்கும் உண்டு. 2011 மேயில் பாதியிலேயே முடிவை வெளியிட்டுவிட்டார்கள். அவ்வளவு தெளிவாக இருந்தது. துணையிடமிருந்தே தொற்றியது என்று உறுதியான 28 பேரில் 27 பேர் தாமதப் பிரிவு, ஒருவர் மட்டுமே உடனடிப் பிரிவு. மருந்தே தடுப்பு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். இன்றைக்கு மருந்தை விடாமல் எடுத்துக் கிருமி அளவு பரிசோதனையில் தெரியாத மட்டத்துக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்றாது என்று தைரியமாகச் சொல்கிறோம் என்றால், அந்த 27 பேரின் கணக்கில் சொல்கிறோம். இந்தியாவில் பாசிட்டிவ் என்றால் உடனே மருந்து என்பது 2017இல் வந்தது.

மருந்து நமக்கு மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு கதை உண்டு. 2000 வாக்கில் மூன்று மருந்துக் கூட்டுக்கு ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் சிப்லா என்கிற இந்திய மருந்துக் கம்பெனியின் தலைவர் யூசுஃப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்கிற 1970ஆம் வருஷத்து இந்தியச் சட்டத்தால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. அதே சமயம் மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க அரசு மேல் 39 மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டிருந்தன. உலகமே காறித் துப்பியதும் ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவச மருந்து ஆரம்பித்தபோது முதல் சில மையங்களில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம். பஸ்ஸில் ‘சானடோரியம்’ என்று டிக்கெட் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். மாத்திரை டப்பா குலுங்கினால் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பாரென்று உள்ளே பஞ்சு வைத்து அடைப்பார்கள். லேபிளைக் கிழித்துவிட்டு, பி.பி. மாத்திரை என்று வீட்டில் சொல்வார்கள்.

பணம் கொடுக்கிறவர் போடும் நிபந்தனைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக: 2003இல் அமெரிக்கா ஆரம்பித்த பெரிய நிதியுதவித் திட்டம் லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது. அதே திட்டம், பாலியல் தொழிலை எதிர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்றது. எந்தப் பெண்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து வேலை செய்ய வேண்டுமோ அவர்களையே கண்டித்து எழுதிக் கொடுக்க முடியாது என்று பிரேசில் 2005இல் 4 கோடி டாலரை வேண்டாம் என்றது. முதுகெலும்பு என்றால் அது.

அந்தப் பிரேசிலுக்கு இப்போது நடப்பதையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனாகபாவிர் என்கிற மருந்து வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசி போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இந்தத் துறையில் இப்படி ஒரு பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை. இன்னொரு ஆய்வு பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு உட்படப் பல நாடுகளில் நடந்தது. 2024 அக்டோபரில், அந்த ஊசியைத் தயாரிக்கும் கிலியட் கம்பெனி 120 நாடுகளுக்கு மலிவாகத் தயாரிக்க ஆறு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. இந்த நான்கு நாடுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. நடுத்தர வருமான நாடுகளாம். ஊசிக்குக் கை நீட்டியவர்கள் அங்கே, மலிவு ஊசி வேறெங்கோ. அமெரிக்காவில் வருஷத்துக்கு 28,218 டாலர் விலை. டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் 2027 முதல் 40 டாலருக்குத் தரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். இரண்டும் ஹைதராபாத் கம்பெனிகள். 40க்கும் 28,218க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நான் இந்தத் துறையின் பெரிய அறக்கேள்வி என்பேன். மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொள்வதில் தப்பே இல்லை, நல்ல பழக்கம். ஆனால் மாப்பிள்ளைக்கு மட்டும் என்று கேட்காதீர்கள், இருவருக்கும் என்று பேசுங்கள். அதற்கும் முன்னால் தங்கையிடம் கேளுங்கள், இந்த யோசனை இப்போதைக்கு உங்களுடையதாகத்தான் தெரிகிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ஜாதகப் பொருத்தம் பார்க்க ஆகும் செலவுகூட ஆகாது. ரிசல்ட்டை அவரவரிடம்தான் தனியாகச் சொல்வார்கள், ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது அவர்கள் இஷ்டம். சமீபத்தில் ஆபத்துக்கு இடம் இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அதைத் தட்டாதீர்கள். எந்த மையம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அவர்கள் உள்ளே போகும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.